மண்ணுக்கடியில் போன உபயம்: செந்தூல் பள்ளித் திடல் ஒன்றுக்கு நிதி திரட்டியது எப்படி?

கோலாலம்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு மதியத்துக்கு மேல்தான், இடியும் மின்னலுமாக ஒரே கொட்டாகக் கொட்டும். பள்ளிகளில் புறப்பாட நடவடிக்கை நடப்பதும் அந்த நேரத்தில்தான். செந்தூலில் உள்ள ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியின் திடல் பாழாய்ப் போனதற்குப் பாதிக் காரணம் இது. மற்றப் பாதி மனிதர் செய்தது. பெற்றோர் கூட்டம், பரிசளிப்பு விழா, பொதுத்தேர்தல் வாக்களிப்பு என்று எது நடந்தாலும் கார்களைத் திடலில் ஏற்றி நிறுத்துவார்கள். கூடாரம் போட லோரி உள்ளே வரும். வருடக் கணக்கில் மிதிபட்ட களிமண் இறுகி, விழுந்த மழை இறங்க வழியில்லாமல் மேலேயே நின்றது. கொரோனா காலத்தில், 2020 மார்ச் மாதம் தொடங்கி, பள்ளி நீண்ட நாள் பூட்டிக் கிடந்தபோது ஓரத்து வாய்க்காலில் புதர் மண்டியது. பிள்ளைகள் திரும்பி வந்தபோது திடலில் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு குட்டை, கோல் வாசலில் ஒரு குட்டை.

அந்தத் திடலை மீட்க நடந்த நிதி திரட்டலைப் பற்றியது இந்த ஆய்வு. பள்ளியின் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். எல்லாரும் இன்னும் ஒரே பசாரில் மீன் வாங்குகிறவர்கள். நான் அந்தப் பள்ளியின் பழைய மாணவன்; திடல் குழுவில் கணக்குப் பார்த்த இருவரில் ஒருவன். ஆகவே நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ரசீதுக் கட்டுகளை மேசையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

செந்தூலைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே எழுந்த இரயில்வே பட்டறையை நம்பி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பட்டறை சுருங்கி மூடிய பிறகும், பிள்ளைகள் செலாயாங், ரவாங் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போன பிறகும், ‘நம்ம செந்தூல்’ என்ற பிடிப்பு விட்டுப்போகவில்லை. மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நம் பிள்ளைகள் மலாய், சீனப் பிள்ளைகளோடு ஒரே இடைநிலைப்பள்ளிக்குத்தான் போகிறார்கள். தமிழ்ப்பள்ளிக்கு என்றால் கோயில், சங்கம், தோட்டத்து உறவு என்று உடனே கை நீளும். இடைநிலைப்பள்ளிக்கு அப்படி நீளாது; ‘அது அரசாங்கப் பள்ளிதானே’ என்பார்கள். இந்த நிகழ்வில் முதலில் தாண்ட வேண்டியிருந்தது அந்த வாக்கியத்தைத்தான்.

ஏன் இவ்வளவு பாடு

‘படிப்புத்தானே முக்கியம், திடல் கெட்டால் என்ன?’ என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து கேட்டார். கேள்வி நியாயமானது. பதிலும் இருந்தது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் தரும்போது மதிப்பெண்ணில் 90 விழுக்காடு பாடத்துக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. 2011 முதல் ‘ஒரு மாணவர், ஒரு விளையாட்டு’ என்ற கொள்கையும் இருக்கிறது. பிள்ளை ஏதாவது ஒரு விளையாட்டில் இருந்தே ஆக வேண்டும். மாவட்டம், மாநிலம் என்று மேலே போகப் போகப் புள்ளி கூடும். திடல் இல்லாத பள்ளிப் பிள்ளை அந்தப் பத்தில் பின்தங்குகிறது.

வெளியே விளையாடக் கிடைக்கும் நாட்களே குறைவு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளி நடவடிக்கை நிறுத்தம், 200-ஐத் தாண்டினால் பள்ளியே மூடல். தொடர்ந்து மூன்று நாள் 35 பாகை செல்சியஸுக்கு மேல் போனாலும் திடலில் இறங்கக் கூடாது. இடி முழங்கினால் உடனே கூரைக்குள் ஓட வேண்டும். இவையெல்லாம் போக மிஞ்சும் நாளிலும் திடல் சகதியாக இருந்தால் பயிற்சி எங்கிருந்து வரும்? வருடாந்திர விளையாட்டுப் போட்டிக்கு வெளியே ஓர் அரங்கை வாடகைக்கு எடுத்தார்கள். பேருந்துச் செலவும் வாடகையுமாக, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கையிருப்பு ஒரே நாளில் கரைந்தது.

கூட்டத்தில் பேசியவர்கள் பழைய பெருமைகளையும் இழுத்தார்கள். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்ற மு. இராஜமணி, 1998-இல் இதே கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் தங்கம் வென்ற ஜி. சரவணன். கைதட்டல் கிடைத்தது, காசு கிடைக்கவில்லை. அன்று உண்மையில் வேலை செய்த பேச்சு, ஒரு தாயார் சொன்ன இரண்டு வரி: “எம்மவ கபடி முடிச்சு வந்தா சப்பாத்து ரெண்டு நாளு காயல. ஒரே சோடிதான் இருக்கு, மறுநா பள்ளிக்கு எதப் போட்டுட்டுப் போவா?” பெருமையைச் சொன்னால் சபை நிமிர்ந்து உட்காரும். சப்பாத்தைச் சொன்னால் பையில் கை போகும். நிதி திரட்டப் போகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொண்டால் நல்லது.

ஏழு இலக்கக் கனவு

முதல் திட்டம் பிரமாதமானது. செயற்கை ஓடுதளம், கூரை போட்ட பார்வையாளர் மேடை, இரவு விளக்கு. விலை கேட்டதும் தொகை ஏழு இலக்கத்தைத் தொட்டது. அதோடு, முறையான 400 மீட்டர் ஓடுதளத்துக்கு ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் வேண்டும். பள்ளித் திடல் 90-க்கு 60. மூன்றில் ஒரு பங்கு இடத்தில் முழு ஓடுதளத்தை யாரும் விரித்துவிட முடியாது. 200 மீட்டர் ஓடுதளம் மட்டுமே கொள்ளும், அதற்குச் செயற்கைத் தளம் போட்டாலும் சில ஆண்டுகளில் மேற்பரப்பு தேய்ந்து மறுபடி போட வேண்டிவரும். இரண்டாம் தடவை யாரிடம் போய் நிற்பது என்று யாரும் அப்போது கேட்கவில்லை.

கனவை அறிவிக்க ஒரு விருந்து வைத்தார்கள். பத்துப் பேர் மேசை, பாட்டு, அதிர்ஷ்டக் குலுக்கல், பொன்னாடை. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தது போக மிஞ்சியது சொற்பம். விருந்தில் பணம் சேராது, ஆள் சேரும் என்பது என் கருத்து. அன்று அறிமுகமான முகங்கள்தான் பிறகு வேலைக்கு வந்தன. அந்த அளவில் நட்டமில்லை. விருந்தில் ஒரு வணிகர் மேடை கட்டும் செலவில் பெரும்பங்கு ஏற்கிறேன் என்று எழுந்து சொன்னார். நிபந்தனை ஒன்றுதான்: மேடையின் நெற்றியில் அவர் தகப்பனார் பெயர், மூன்றடி எழுத்தில். சங்கத் தலைவருக்கு அன்று தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்.

சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று இருக்கும் ‘ஒய்பி’ எனப்படும் மக்கள் பிரதிநிதிகளில் ஒருவர் மாதிரிக் காசோலை நீட்டிப் படமும் எடுத்துக்கொண்டார். படம் அன்று மாலையே வந்துவிட்டது. பணம் அடுத்த ஆண்டு வந்தது. வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தண்ணி எங்க போவணும்?

திருப்பம் ஆண்டுக் கூட்டத்தின் ‘இதர விவகாரங்கள்’ பகுதியில் நேர்ந்தது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவில் தொழில்நுட்பராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், பேரன் இரண்டாம் படிவத்தில் படிப்பதால் வந்திருந்தார். ஓடுதளத்தின் வண்ணப் படத்தைப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி ஐயா, இந்தத் தண்ணி எங்க போவணும்?” என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. தலைவர், “அதெல்லாம் குத்தகைக்காரங்க பாத்துக்குவாங்க பெரியவரே” என்றார். “அவங்க எங்க பாப்பாங்க தலைவரே, அதுக்கு நீங்க காசு போடலியே” என்று சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அவரைத் திடலுக்குக் கூட்டிப் போனவர் உடற்கல்வி ஆசிரியர். எல்லாரும் ‘சிக்கு’ (மலாயில் ஆசிரியர்) என்று அழைக்கும் மலாய்க்காரர். செந்தூலிலேயே வளர்ந்ததால் தமிழ் சரளம். பெரியவர் ஓர் இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து பத்து இருபது இடங்களில் குத்திப் பார்த்தார். ஓரங்களில் கம்பி இறங்கியது. கார்கள் நிற்கும் இடங்களிலெல்லாம் நாலு விரல் இறங்கி நின்றுகொண்டது. பிறகு ஓரத்து வாய்க்காலைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் ‘லோங்காங்’ என்று தாண்டிப் போகிற அந்த வாய்க்கால் ஆழமில்லாதது என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தோம். அவர் மண்ணைக் கிளறிக் காட்டினார்: ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் ஆழமுள்ள வாய்க்கால், மேல்வரை சேறு நிரம்பிக் கிடந்தது. திடலில் தண்ணீர் வடிய வேண்டிய இடமே திடலைவிட உயர்ந்து நின்றால் தண்ணீர் எங்கே போகும்?

முதல் பழுதுபார்ப்புக்கு நிதியே தேவைப்படவில்லை. ஒரு சனிக்கிழமை காலை கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டு வேலை வைத்து, பெற்றோரும் ஐந்தாம் படிவப் பையன்களும் சேர்ந்து வாய்க்காலைத் தோண்டினார்கள். சேற்றை ஏற்றிப் போக ஒரு லோரி, எல்லாருக்கும் நாசி லெமாக், கையுறை. அவ்வளவுதான் செலவு. அடுத்த மழைக்குக் குட்டைகள் முழுதாகப் போகவில்லை. ஆனால் ஓரத்துக் குட்டை மறுநாளே வடிந்துவிட்டது. இதைப் பார்த்த பிறகுதான் பெரியவர் பேச்சுக்குச் செவி கிடைத்தது.

அவர் போட்ட திட்டம் கட்டம் போட்ட தாளில் ஒரே பக்கம். திடலின் அகலவாட்டில் பத்துக் கிளைகள், ஒவ்வொன்றும் 60 மீட்டர். உயர்ந்த பக்கம் 45 சென்டிமீட்டர் ஆழத்தில் தொடங்கி, இருநூறுக்கு ஒன்று சரிவில் போனால் 60 மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இறங்கும். வாய்க்காலைத் தொடும்போது ஆழம் 75. வாய்க்கால் 90. ஆக, குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே நிற்கும். குழிக்குள் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய், அதைச் சுற்றி ஜல்லி, மேலே கரடுமுரடான மணல், புல் வேர் பிடிக்கும் மண். வடிகட்டித் துணியைக் குழாயில் சுற்றினால் களிமண் படிந்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், குழிச் சுவரில் விரியுங்கள் என்பதில் மட்டும் அவர் பிடிவாதமாக இருந்தார். ஒப்பந்ததாரர் முதலில் கேலி செய்தார், பிறகு ஒப்புக்கொண்டார்.

ஓடுதளக் கனவு கைவிடப்பட்டது. மேடையும் போயிற்று. மேடை போனதும் மூன்றடி எழுத்து வணிகரும் போனார்.

பெயர் எழுத முடியாத இடம்

இங்கேதான் இந்த நிகழ்வின் சிக்கல் முழுதாக முகம் காட்டியது. வடிகால் என்பது மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாது. நம் ஆட்கள் கொடுக்காதவர்கள் இல்லை, தாராளமாகக் கொடுப்பார்கள். ஆனால் கோயில் மின்விளக்கில் வெளிச்சம் வருமிடமெல்லாம் ‘உபயம்’ என்று பெயர் எழுதி, விளக்கை இருட்டாக்கிப் பழகியவர்கள். கொடுத்தது தெரிய வேண்டும் என்ற ஆசையை நான் குறை சொல்லவில்லை. அந்த ஆசையில்தான் இந்நாட்டில் பாதிக் கோயில் மண்டபங்கள் நிற்கின்றன. ஆனால் மண்ணுக்கடியில் புதையப் போகும் குழாயில் எங்கே எழுதுவது? சமூகக் கடப்பாட்டு நிதி வைத்திருக்கும் ஒரு நிறுவனத்திடம் போனோம். அதிகாரி மரியாதையாகக் கேட்டார், தேநீர் தந்தார், கடைசியில், “எங்க சின்னம் எந்த இடத்துல வரும்?” என்றார்.

வழி சொன்னவர் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் சமையலை நடத்தும் ஓர் அக்கா. ஆண்டுதோறும் வெள்ளி ரதம் பத்துமலைக்குப் போகும் ஜாலான் ஈப்போ ஓரத்தில் அவர்கள் பந்தல் போடுகிறார்கள். குழுக் கூட்டத்தில் நாங்கள் ‘நன்கொடையாளர் பிரிவுகள்’ என்று தங்கம், வெள்ளி, வெண்கலம் பிரித்துக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கிட்டார்: “தம்பி, பந்தலுக்கு நான் யார்கிட்டயும் காசு குடுங்கனு கேக்க மாட்டேன். அரிசி ஒரு மூட்டை, கேஸ் ஒரு தோம்பு, பருப்பு அஞ்சு கிலோனு எழுதி வச்சிருப்பேன். அவங்களுக்கு முடிஞ்சத எடுத்துக்குவாங்க. தின்ன சோத்துல யாரு பேரு எழுதறா? பைப்ப மீட்டர் கணக்குல கேளுங்க.”

பத்துக் கிளை, கிளைக்கு 60 மீட்டர், மொத்தம் 600. குழாய், ஜல்லி, மணல், துணி, தோண்டும் இயந்திரம் எல்லாம் சேர்த்து மீட்டருக்கு 80 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தோம். திடலின் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து, ஒவ்வொரு மீட்டருக்கும் எண் போட்டு, பள்ளிச் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் ஒட்டினோம். வாங்கிய மீட்டருக்குப் பச்சைப் புள்ளி. ரசீதில் ‘கிளை 4, மீட்டர் 37’ என்று இடம் குறித்துத் தந்தோம். புதைந்த பிறகு யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் தன் மீட்டர் எங்கே என்று வந்து பார்த்து, நடுக்கோட்டுக்குப் பக்கமாகக் கேட்டு மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பட்டறையில் வேலை செய்து காலமான தகப்பனார் நினைவாக வாங்கியவர்கள் பலர். எண்பதுகளில் படித்த ஒரு வகுப்பு, ஒரு முழுக் கிளையையே எடுத்துக்கொண்டது. அதைக் கேள்விப்பட்டு அவர்களுக்கு அடுத்த ஆண்டு வகுப்பும் ஒரு கிளை கேட்டது. சீனப் பழைய மாணவர்கள் இந்தப் போட்டியில் நம்மவர்களை மிஞ்சினார்கள். ‘உபயம்’ என்ற சொல் தமிழ்க் கடிதத்தில் மட்டும் இருந்தது; பாரத்தில் எல்லாருக்கும் பொதுவாக ‘சும்பாங்கான்’ (மலாயில் நன்கொடை) என்றே போட்டோம். சிக்கு தன் பங்குக்குக் கோல் வாசலுக்கு நேரே இருந்த மீட்டரை எடுத்தார். அத்தனை வருடம் அந்தக் குட்டையில் பந்தைத் தேடியவர் அவர்தானே.

80 வெள்ளி எல்லார் கையிலும் இல்லை என்பது தெரிந்ததுதான். அதனால் வகுப்புவாரியாகச் சேர்த்துக் கொடுக்கலாம், ஒரு வெள்ளிக்குக் குறையக் கூடாது, கட்டாயமும் கிடையாது என்று வைத்தோம். யார் எவ்வளவு என்று வகுப்பில் எழுதி வைக்கவும் கூடாது. இது நம் ஊரில் புதிய யோசனையும் இல்லை. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க, ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி தொடங்கி ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். கூலி வேலை செய்தவர்களும் கொடுத்தார்கள். பெரிய தனவந்தர் ஒருவரிடம் போகாமல் ஆயிரம் பேரிடம் போனதில் ஒரு கணக்கு இருந்தது: ஒரு வெள்ளி கொடுத்தவன் அந்த நூலகத்தைத் தன்னுடையது என்று நினைப்பான். எங்கள் திடலுக்கும் அதே கணக்கு பொருந்தியது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் சில்லறை சேர்த்து வாங்கிய மீட்டர் மேல் யாராவது காரை ஏற்றினால், அந்த வகுப்பே சண்டைக்குப் போகிறது. நாங்கள் எதிர்பாராமல் கிடைத்த காவல் அது.

பெயர்ப் பலகை வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை. வாசலருகே ஒரே பலகை. எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில், தொகை இல்லாமல். ஒரு முழுக் கிளை எடுத்தவரும் ஒரு மீட்டர் எடுத்தவரும் பக்கத்தில் பக்கத்தில். இதற்காகச் சிலர் முகம் சுளித்தார்கள். ஒருவர் கொடுத்ததைத் திரும்பக் கேட்டார், கொடுத்துவிட்டோம்.

சட்டம், ரசீது, தவறான மணல்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனால் இதில் கோட்டை விட்டால் மற்றதெல்லாம் வீண். அரசாங்கப் பள்ளி நிலத்தில் யாரும் நினைத்தபடி குழி தோண்ட முடியாது. முதல்வர் வழியாகக் கல்வி இலாகாவுக்கு எழுதி, வரைபடம் கொடுத்து, அனுமதி கைக்கு வரும்வரை ஒரு மண்வெட்டியும் இறங்கக் கூடாது. வேலையைச் செய்கிறவர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்த குத்தகைக்காரராக இருக்க வேண்டும். முடிந்த பிறகு எல்லாம் பள்ளியின் சொத்து. பள்ளியின் பதிவேட்டில் ஏற வேண்டும். பணம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கில் மட்டுமே. 1998-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இயங்கும் சங்கம் என்பதால் ஆண்டுக் கூட்டத்தில் தணிக்கை செய்த கணக்கை வைத்தே தீர வேண்டும். டுயிட்நவ் என்ற மின்பணப் பரிமாற்றத்தின் கியூஆர் குறியீட்டை அனுப்பும்போதெல்லாம், ‘ஸ்கேன் செய்தால் சங்கத்தின் பெயர் வருகிறதா என்று பார்த்து அனுப்பவும்’ என்று சேர்த்தே எழுதினோம். தனிநபர் பெயரில் ஒரு காசும் வாங்கவில்லை.

பிள்ளைகளிடம் நன்கொடை அட்டை கொடுத்து வீடு வீடாக அனுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. வீட்டுக்கு வீடும் தெருவிலும் வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், அடுக்குமாடிக் கதவுகளைத் தட்ட ஒரு பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளையை அனுப்ப எனக்கு மனமில்லை. சொந்தக்காரர்களோடு நிறுத்திக்கொண்டோம். குலுக்கல் சீட்டு விற்கலாம் என்றார் ஒருவர். அதற்கு 1952-ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டம். “அப்ப கூட்டுக் கட்டலாம், முதல் கூட்டு திடலுக்கு” என்றார் இன்னோர் அண்ணன், முழு நம்பிக்கையோடு. கூட்டு, அதாவது சீட்டுப் பிடிப்பது, 1971-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது என்று சொன்னதும், “எங்க தாமான்ல வாராவாரம் நடக்குதே” என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

வருமான வரி விலக்கு ரசீது கேட்டவர்களுக்கும் ஒளிக்காமல் சொன்னோம். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் வருமான வரி வாரியத்தின் ஒப்புதல் பெற்ற நிதிக்குத்தான் அந்தக் கழிவு. அது இல்லாமலேயே ‘விலக்கு உண்டு’ என்று வாயால் சொல்லி வாங்கும் சங்கங்கள் இருக்கின்றன. நன்கொடையாளர் தணிக்கையில் மாட்டும்போது அந்த உறவு அதோடு சரி.

பொருளாகத் தருவதில் ஒரு சங்கடம் உண்டு. அக்காவின் வழியில் போனதால் மணல், ஜல்லி, இயந்திரம் என்று பலர் பொருளாகவே தந்தார்கள். தலைவரே தன் லோரிகளைக் கொடுத்தார். ஒருவர் மட்டும் நீளந்தாண்டும் குழிக்கு மணல் தருகிறேன் என்று சொல்லி ஒரு லோரி கல்குவாரித் தூளைக் கொட்டிவிட்டுப் போய்விட்டார். குழிக்குக் கழுவிய ஆற்று மணல் வேண்டும். தூள் நனைந்தால் இறுகிவிடும், அதில் விழுகிற பிள்ளைக்குக் கணுக்கால் போகும். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்வது நம் வழக்கத்தில் அவமானம். பெரியவர்தான் போய்ப் பேசினார். அந்தத் தூள் ஆசிரியர்களின் வண்டி நிறுத்துமிடத்தை மேடாக்கப் பயன்பட்டது, நன்றிக் கடிதமும் போயிற்று. பிறகு ஏற்றுக்கொள்ளும் பொருளின் விவரத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வாங்கினோம்.

தோண்டியது

மழை கொஞ்சம் குறையும் ஜூன், ஜூலை மாதங்களில் வேலை நடந்தது. தோண்டிய குழியில் இரண்டு தடவை மழை விழுந்து சுவர் சரிந்தது. மற்றபடி சொல்லும்படி எதுவுமில்லை. குழாய் இறங்கிய பிறகு இறுகிய மண்ணைக் கிளறி, மணல் கலந்து, சமன் செய்து, ‘கவ் கிராஸ்’ என்று நம்மூரில் சொல்லும் அகல இலைப் புல்லைப் பத்தை பத்தையாகப் பதித்தார்கள். அழகான புல் என்று சொல்ல முடியாது. ஆனால் மிதி தாங்கும், நிழலில் வளரும், விலை மலிவு.

கடினமான கட்டம் அதற்குப் பிறகுதான். புல் வேர் பிடிக்கத் திடலை மாதக்கணக்கில் பூட்ட வேண்டும். காசு கொடுத்த பெற்றோருக்கே இது புரியவில்லை: “திடலுக்குத்தானே குடுத்தோம், ஏன் புள்ளைங்க விளையாடல?” சாயங்காலம் வேலி ஏறிக் குதித்துக் காற்பந்து ஆடுகிற அக்கம்பக்கத்து இளைஞர்கள் இன்னொரு தொல்லை. சிக்கு அவர்களைத் துரத்தவில்லை. இரண்டு பேரைப் பிடித்து மாலையில் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் கொடுத்தார். அதற்குப் பிறகு மற்றவர்களை அவர்களே துரத்தினார்கள்.

ஒய்பியின் பணம் வந்து சேர்ந்தது இந்தச் சமயத்தில். அதில் நீளந்தாண்டும் குழியும் குண்டெறி வட்டமும் புதுக் கோல் கம்பங்களும் வந்தன. குழி 2.75 மீட்டர் அகலம், ஓடிவரும் பாதை 1.22 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும், மிதிபலகையிலிருந்து குழியின் கடைசிவரை 10 மீட்டர். குண்டெறி வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர். அளவு சரியாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. பள்ளியில் தாண்டிய தூரமும் மாவட்டப் போட்டியில் தாண்டிய தூரமும் ஒன்றாகவே அளக்கப்படும், பிள்ளைக்குத் தன் நிலை தெரியும். ஓடுதளக் கோடுகளுக்கு முன்பெல்லாம் பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றிப் புல்லைக் கருக்குவார்கள். அது சட்டப்படி பதிவு செய்து அகற்ற வேண்டிய கழிவு. இப்போது குழாய் வழியே நேராக வாய்க்காலுக்கும் போய்விடும். சுண்ணாம்புக்கு மாறியாயிற்று. கபடிக்கு மட்டும் ஓரமாக மணல் கலந்த தனிக் களம். சப்பாத்து காயவில்லை என்று சொன்ன தாயாரின் மகள் இப்போது அங்கே வெறுங்காலோடுதான் ஆடுகிறாள்.

மொத்தச் செலவு 90,000 வெள்ளியை ஒட்டி வந்தது. அதில் பாதிக்கு மேல் மீட்டர் விற்பனையில் வந்த 48,000. மீதி, விருந்தில் மிஞ்சியது, ஒய்பி தந்தது, சில சிறு கடைக்காரர்கள் தந்தது. இலவசமாகக் கிடைத்த லோரி, இயந்திர நேரங்களை இதில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டும் என்று தணிக்கையாளர் சொன்னார், அடுத்த முறை சேர்ப்போம். ஏழு இலக்கக் கனவோடு ஒப்பிட்டால் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பிறகு

கடும் மழைக்குப் பிறகும் மறுநாள் காலை திடலில் ஓட முடிகிறது. அதே நாள் மாலை என்றால் இன்னும் முடியாது, களிமண் களிமண்தான். மூன்றாவது கிளைக்கும் நான்காவது கிளைக்கும் நடுவில் ஒரு பள்ளம் மறுபடி தலைகாட்டியிருக்கிறது. தோண்டிய மண் அங்கே சரியாக அழுத்தப்படவில்லை என்கிறார் பெரியவர்.

கார் விவகாரம் முழுதாகத் தீரவில்லை. பள்ளி நிகழ்ச்சிகளுக்கு யாரும் இப்போது திடலில் ஏற்றுவதில்லை. தலைவரே வாசலில் நின்று திருப்பி அனுப்புகிறார். ஆனால் வெளியார் பள்ளியைப் பயன்படுத்தும் நாட்களில் சாவி யார் கையில் என்பது அந்தந்த நேரத்து முதல்வரைப் பொறுத்தது. முதல்வர்கள் மாற்றலாகிப் போகிறவர்கள். ஆகவே, திடலில் வாகனம் ஏற்றுவதில்லை என்ற தீர்மானத்தைச் சங்கத்தின் கூட்டக் குறிப்பில் மட்டும் வைக்காமல், வாடகைக்கு விடும் பாரத்திலேயே நிபந்தனையாக அச்சடிக்கும்படி கேட்டிருக்கிறோம். பள்ளி நிர்வாகத்தில் தலையிடச் சங்கத்துக்கு அதிகாரமில்லை என்பதால் கேட்கத்தான் முடியும்.

வேறு பள்ளிகளிலிருந்து வந்து விசாரிக்கிறவர்கள் மீட்டர் விற்ற வரைபடத்தைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களில் சிலர் அதே பாணியில் ஓடுதளத்தையும் விளக்குக் கம்பத்தையும் கூறு போட்டு விற்கப் பார்ப்பதாகக் கேள்வி. தண்ணீர் எங்கே போகிறது என்று கம்பியால் குத்திப் பார்த்துவிட்டார்களா என்று கேட்டால் பதில் வருவதில்லை.

எங்கள் குழுவிலும் அடுத்தது இரவு விளக்கு என்ற பேச்சு தொடங்கிவிட்டது. அந்த வணிகர் திரும்பி வந்திருக்கிறார். கம்பத்தில் பெயர் போடலாம் அல்லவா? குழாய்களைச் சில ஆண்டுக்கு ஒரு முறை உயரழுத்தத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும், வாய்க்காலை ஆண்டுக்கு இரு முறை தூர்வார வேண்டும், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பெட்ரோலும் கத்தியும் வேண்டும். இதற்கென்று தனியாக ஒரு பராமரிப்புக் கணக்கு திறந்து, மூன்றாண்டுச் செலவுக்கான பணம் அதில் சேரும்வரை விளக்குக்கு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று பொருளாளரும் நானும் சொல்லிவிட்டோம். தலைவருக்கு எங்கள் மேல் வருத்தம்தான். இந்த ஆண்டுக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு விடுகிறார்கள்.